கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மாலை வெயில் சாராளின் தகரப்பெட்டி மேல் மஞ்சளாகக் கிடக்கிறது. கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த மெட்ராஸ்காரனோடு ஓடிப்போக, வீட்டில் சொல்லாமல் வந்து பெஞ்சில் காத்திருக்கிறாள். மடியில் ஒரு பழைய நாவல். அதன் நாயகி மழையில் குடையில்லாமல் ஓடுவாள், கோபம் வந்தால் வளையலைக் கிணற்றில் எறிவாள், காதலனின் ஒரு பார்வைக்காக ஊரையே விட்டுவிடுவாள். ஆசிரியர் அவளுக்குக் கண்ணீரை அண்டாவிலும் யோசனையைச் சிட்டிகையிலும் அளந்திருக்கிறார். கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள். "தாத்தா, நீ இத்த படிச்சிக்கிறியாமே? கடசீல அவன் வந்தானா?" என்று எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைக் கேட்கிறாள். முதலை மேலேறி ஆரணி ஆற்றைக் கடந்ததாக ஊருக்கே கதை விட்டவன் நான். இப்போது பார்த்து ஒரு பொய்யும் வாயில் வரமாட்டேன் என்கிறது. "வரல சாராளு. அவ ஆத்தங்கரையிலயே நின்னுகினு கெடந்தா. நீ ஊட்டுக்குப் போம்மா." அவள் குலுங்கிச் சிரிக்கிறாள். "முதல மேல சவாரி போன ஆளு! உன் பேச்ச எவ நம்புவா?" மெட்ராஸிலிருந்து வண்டி வந்து நிற்கிறது. ஒரு கிழவரும் அவருடைய ஆடும் மட்டும் இறங்குகிறார்கள். வண்டி போய்விடுகிறது. கரித்தூள் படிந்த பெஞ்சில், தன் பக்கத்து இடத்தை மட்டும் சாராள் முந்தானையால் துடைத்து வைக்கிறாள்.