ஆரஞ்சு விளக்கு

“ஆரஞ்சும்மா, ஆரஞ்சு. உனக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட தொண்டை கிழியச் சொல்லியாச்சு. நீ மூணாவது ஆளு. உனக்கும் மொதல்லேருந்து சொல்லணுமா?”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரோரம் தரையில் கிடந்த ரூட்டரைக் குனிந்து முறைத்துக்கொண்டிருந்தார் ரிடையரான ரயில் கார்டு. முப்பத்தாறு வருஷம் பச்சை விளக்கு காட்டி வண்டிகளை அனுப்பிவைத்த மனிதரை, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு டப்பா நிறுத்தி வைத்துவிட்டது.

மணி மூன்று முப்பத்தெட்டு.

“சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். உங்க வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லுங்க” என்றாள் உதவி மையத்துப் பெண். ஸ்பீக்கர் கரகரத்ததில் குரல் பாதிதான் வந்தது. கார்டுக்கு இடது காது வேறு மந்தம்.

எண்ணை ஒவ்வொன்றாகக் கத்தினார். மறுமுனையில் சத்தமே இல்லை.

“என்ன, தூங்கிட்டியா?”

“இல்ல சார். விவரத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். கம்ப்யூட்டர்ல வைஃபை அடையாளம் தெரியுதா?”

“தெரியுது. அது மேல ஒரு ஆச்சரியக்குறி வேற. எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்ல. மாசத்துல பத்து நாள் உங்க லட்சணம் இதுதான்.”

அவள் சொல்லச் சொல்ல, வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்தார். பாஸ்வேர்டை ஒற்றை விரலால் இரண்டு முறை அடித்தார். இரண்டு முறையும் இணையம் இல்லை என்று திரை கையை விரித்தது. கார்டு மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் டம்ளர் குதித்தது.

“இந்தா பாரும்மா. நாலு மணிக்குள்ள நான் ஒரு பேரை அடிச்சாகணும். இன்னிக்கு விட்டா அப்புறம் மாத்தவே முடியாதாம். ஆபீசுக்கு நேர்ல போனா, கம்ப்யூட்டர்ல பண்ணுன்னு வெரட்டுறான். கம்ப்யூட்டர்ல உக்காந்தா நீங்க கழுத்தறுக்கிறீங்க.”

“எதுல சார் பேரை அடிக்கணும்?”

கோபம் வந்துவிட்டால் கார்டுக்கு முன்பின் தெரியாதவரிடமும் குடும்பக் கதை கொட்டிவிடும்.

“பென்ஷன் காகிதத்துல. எனக்கப்புறம் வாரிசுன்னு என் பொண்ணு பேரு கெடக்கு. பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவ. நாலு வருஷமாச்சு. இந்த வீட்டுப் படியை மிதிக்காதேன்னேன், போன் பண்ணாதேன்னேன். அதை மட்டும் ஒழுங்கா கேட்டா. அவ எனக்கு வாரிசா? என் அண்ணன் பையன் பேரைப் போடப் போறேன்.”

சமையலறையிலிருந்து மனைவி வந்து, ஈரக் கையைத் துடைக்காமலே மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சிபாரிசுக்கு வந்தியா? உள்ள போ” என்றார் கார்டு. அவள் போகவில்லை.

“சார்” என்றது ஸ்பீக்கர், கொஞ்சம் மெதுவாக. “ஆரஞ்சு விளக்கு விடாம எரியுதா, இல்ல அணைஞ்சு அணைஞ்சு எரியுதா?”

“அணைஞ்சு அணைஞ்சு.”

“அப்ப லைன்ல கோளாறு இல்ல சார். ரூட்டருக்குக் கரண்ட் ஒழுங்கா போகல. அதான் பாதியிலயே நின்னு நின்னு மறுபடி ஆரம்பிக்குது. அந்த பிளக் பாயின்ட் ஆடும். பிளக்குக்கு அடியில ஒரு தடிப் புத்தகத்தை முட்டுக் கொடுங்க.”

“அது வீடு கட்டுன நாள்லேருந்து ஆடுது. அதுக்கு இப்ப என்ன?”

எரிந்து விழுந்தாரே தவிர, கை சும்மா இருக்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய ரயில் கால அட்டவணையை உருவி, மண்டியிட்டு, பிளக்குக்கு அடியில் சொருகினார். முழங்கால் வலியில் அந்தக் கம்பெனியை மூன்று தலைமுறைக்குச் சேர்த்துத் திட்டினார்.

“ரெண்டு நிமிஷம் பொறுங்க சார். கை வைக்காதீங்க.”

ஆரஞ்சு எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை. கார்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பச்சை வந்தது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. பென்ஷன் பக்கம் மளமளவென்று திறந்தது. வாரிசு என்ற இடத்தில் மகளின் பெயர், பக்கத்தில் ‘நீக்கு’ என்ற பொத்தான். அம்புக்குறியைக் கொண்டுபோய் அதன்மேல் நிறுத்தினார். எட்டு நிமிஷம் இருக்கிறது என்றதும் மனிதருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

“வந்துடுச்சும்மா பச்சை. முன்னாடி பேசின ரெண்டும் தண்டம். நீ ஒருத்திதான் வேலை தெரிஞ்சவ” என்றார். திட்ட வேண்டியவனை நிற்க வைத்துத் திட்டுவதும், வேலை செய்தவனைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப்போடுவதும் அவருக்கு சர்வீஸ் காலத்துப் பழக்கம். பேனாவைத் திறந்துகொண்டார்.

“உங்க மேனேஜருக்கு ரெண்டு வரி நல்லதா எழுதப் போறேன். உன் பேரைச் சொல்லு.”

ஸ்பீக்கர் கரகரத்தது. மனைவி நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“காது கேக்கலையா? பேரு என்னம்மா?”

“நீங்க இப்ப நீக்கப் போறீங்களே, அந்தப் பேருதான்ப்பா.”