கழற்றிக் காட்டு

இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினாள்.

சுற்றி நாற்பது பேர்.

பாதிப் பேர் கையில் செல்போன், கேமரா திறந்தபடி.

பந்தயம் முடிந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வருடத்துப் பழைய பைக். அவள் கட்டிய இன்ஜின். ஓட்டிய தம்பி முதலாவதாக வந்திருந்தான். இரண்டாவதாக வந்தது வெள்ளியங்கிரியின் வண்டி. கோயம்புத்தூரில் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கட்டுவதென்றால் இருபது வருடமாக வெள்ளியங்கிரிதான். தோற்றுப் பழக்கமில்லாத மனிதர்.

உடனே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அது நூறு சிசி வண்டியே இல்லை, அதற்கு மேல். பிரித்துப் பார்க்க வேண்டும்.

புகார் வந்தால் கட்டியவரே எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும். மாட்டேன் என்றால் கோப்பை இரண்டாவது வண்டிக்கு.

அவள் வண்டியில் ஒரு சொட்டு சிசி கூடுதல் கிடையாது. அது வெள்ளியங்கிரிக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது சிலிண்டரின் உள்பக்கம்.

இந்த இன்ஜினில் வேகமெல்லாம் சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளில்தான். பெட்ரோல் நுழைவதும் புகை வெளியேறுவதும் அவற்றின் வழியே. எவ்வளவு உயரம், விளிம்பை எப்படிச் சாய்ப்பது என்பதில்தான் சூட்சுமம். அரை மில்லிமீட்டர் அதிகமாக அராவிவிட்டால் சிலிண்டர் குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

பதினொரு சிலிண்டர்கள் போயிருந்தன.

மூன்று வருடம் கழித்து, பன்னிரண்டாவதில் அவளுக்குக் கைகூடியது. அதைத் தம்பியைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். சிலிண்டரை மூடியிருந்த ஹெட்டைத் தூக்கியபோது விரல் சுட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

பிஸ்டன் உச்சியில் நின்றது. துளைகள் அதற்குக் கீழே, மறைவாக.

பந்தய அதிகாரி சிலிண்டரின் குறுக்களவை எடுத்தார். அடுத்தது பிஸ்டன் இறங்கும் ஆழம். அவள் குனிந்து கூட்டத்துக்குத் தெரியாதபடி தோளால் மறைத்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினாள். பிஸ்டன் இறங்கியது. அவர் அளந்து முடித்த மறுநொடியே மேலே ஏற்றிவிட்டாள்.

செல்போன்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு சிசி, வண்டி சரி என்று அதிகாரி சத்தமாகச் சொன்னார்.

அவ்வளவுதான். கோப்பையும் அவளுக்கே, ரகசியமும் அவளுக்கே. தம்பி ஹெட்டை எடுத்து நீட்டினான். மூடிவிடு என்று கண்ணால் கெஞ்சினான்.

அப்போதுதான் வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். அவளைப் பார்த்துக்கூட இல்லை. பக்கத்திலிருந்தவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி.

"எம்பட பட்டறையில வேல பாத்தவன் எவனோ செஞ்சு குடுத்திருக்கறான். இதெல்லாம் பொம்பள செய்யற வேலையாங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. சிலிண்டருக்கு ஒன்றாகப் பதினொரு தோல்வி. ஒவ்வொன்றுக்கும் தனியாக அழுதிருக்கிறாள். அந்த அழுகையையும் ஒருவன் பெயரில் எழுதிவிடுவார்களா?

தம்பி நீட்டிய ஹெட்டை வாங்கினாள். மூடவில்லை. மேசைமேல் வைத்தாள்.

சைலன்சரைப் பிரித்தாள்.

கார்புரேட்டரைப் பிரித்தாள்.

"அக்கா, வேண்டாங்க்கா."

சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து மேலே உருவினாள். துணியில் சுற்றி நேராக வெள்ளியங்கிரியிடம் கொண்டுபோய் நீட்டினாள். கேமராக்கள் மொய்த்தன. மொய்க்கட்டும்.

அவர் செல்போனை எடுக்கவில்லை. அவருக்கு அது தேவையில்லை. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டார். நகத்தால் விளிம்பைத் தடவினார். மேலே போனார், கீழே வந்தார். ஒரு இடத்தில் நின்றார். மறுபடி அதே இடத்துக்கு வந்தார்.

பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார். வெள்ளியங்கிரி காதில் வாங்கவில்லை.

கடைசியில் அவளை நிமிர்ந்து பார்த்தார். இன்றைக்கு முதல் தடவையாக.

"இந்த ஓரத்த எப்படி அம்மிணி இப்படி வளைச்ச?"

தன் பட்டறை ஆள் செய்த வேலையென்றால் அவளிடம் எதற்குக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த ஒரு நொடி கோப்பையைவிட அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"நல்லாப் பாத்துக்குங்ணா. இது போன வருசத்துது. புதுசு வூட்ல இருக்குது."

அவர் விரல் உள்ளேயே நின்றுவிட்டது.

டெம்போ நெடுஞ்சாலை ஏறியது. பின்னால் கழற்றிய வண்டி. தம்பியின் மடியில் கோப்பை.

அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். வெள்ளியங்கிரியின் விரலுக்கு ஒரே மாதம் போதும். அதே விளிம்பு, அதே வளைவு, அடுத்த பந்தயத்தில் எதிரே வந்து நிற்கும். அதை நினைத்தால் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"எப்பக்கா புதுசு செஞ்ச? எங்கிட்டக் கூடச் சொல்லவே இல்ல."

அவள் கியரை மாற்றி மிதித்தாள்.

"மணி என்னாச்சு பாரு. உக்கடத்துல பழைய சாமான் கடை அடைக்கறதுக்குள்ள போயிரோணும். ஒரு சிலிண்டர் வாங்கோணும்."