வீட்டில எடுத்தது

“மெல்லப் போடா, குலுங்குது,” என்றான் சிவதர்ஷன். ஓட்டோவின் முன்சீற்றில், அதை ஓட்டிய நண்பன் சதீசனோடு ஒட்டிக் குந்தியிருந்தவன், சட்டைப்பைக்குள் இருந்த சின்னப் போத்தலை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தான். ஆய்வுகூடத்தில் கொடுக்கும்வரை அதில் உடம்புச் சூடு குறையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பின்சீற்றில் அவன் மனைவி விதுர்ஷாவும் மாமியும் இருந்தார்கள். மாமியின் மடியில் சதீசனின் சின்ன மகள். தாய் வேலைக்குப் போகும் நாட்களில் அவள் தகப்பனின் ஓட்டோவிலேயே ஊர் சுற்றுவாள்.

“உனக்கென்ன சதீசன், மூத்தவன் பள்ளிக்கூடம் போறான், இளையவள் கிளி மாதிரிக் கதைக்கிறாள்,” என்று மாமி அவள் தலையைத் தடவினார். பிறகு குரல் தாழ்ந்தது. “எங்கட வீட்டிலயும் ஒண்டு தவழ்ந்தாக் காணும்.”

சிவதர்ஷன் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லடிப் பாலத்தின் கீழே வாவி வெயிலில் பளபளத்துக் கிடந்தது.

கொக்கட்டிச்சோலையிலிருந்து நாவற்குடாவுக்கு, விதுர்ஷாவின் சீதன வீட்டுக்கு அவன் வந்து ஐந்து வருடமாகிவிட்டது. மாமி ஒருநாளும் அவனைக் கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரோ மாதாமாதம் மகளின் முகத்தைப் பார்ப்பார். பிறகு பேசாமல் மருமகனின் தட்டில் இன்னொரு மீன்துண்டை வைப்பார்.

விதுர்ஷாவுக்கு எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது. இரத்தம், ஸ்கேன், கடைசியாக மருந்து செலுத்திக் கருக்குழாய் பார்க்கும் எக்ஸ்ரே. அன்று வலி தாங்காமல் அழுதுவிட்டாள். ஒரு குறையுமில்லை, இனி அவரைக் கூட்டி வாங்க என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வேலை, மழை, சாவீடு என்று அவன் தள்ளிக்கொண்டே வந்தான். பதினாறு வயதில் கூகைக்கட்டு வந்து, கன்னம் மட்டுமல்லாமல் கீழே விதைகளும் வீங்கிப் படுத்துக் கிடந்ததை அவன் விதுர்ஷாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தக் கிழமை மாமியே ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துவிட்டார். இனித் தள்ள இடமில்லை.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் தாதி ஒரு கதவைக் காட்டினாள். “உள்ள அறை இருக்கு. அங்க போய் எடுத்துத் தாங்க.”

“இல்ல மிஸ், வீட்டிலயே எடுத்துக்கொண்டு வந்திட்டன்.”

“எப்ப எடுத்தது?”

“இப்பதான். அரை மணித்தியாலம் இருக்கும்.”

விதுர்ஷா அவன் காதருகில் கேட்டாள். “எப்ப எடுத்தீங்க? எழும்பின உடனயே ஓட்டோ கூட்டி வாறன் எண்டு போயிட்டீங்களே?”

“நீ குளிக்கப் போன நேரம்.”

முடிவு வர ஒரு மணித்தியாலம் காத்திருந்தார்கள்.

டொக்டர் கூப்பிட்டபோது மாமியும் எழுந்து உள்ளே வந்தார். வெளியே இருங்கள் என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அறைக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

“மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்க,” என்றார் டொக்டர். “சாம்பிளில ஒரு விந்தணுகூட இல்ல.”

விதுர்ஷாவின் கை அவன் முழங்கையைப் பற்றியது.

“குறைவா இருந்தா மருந்து தரலாம். இது அப்பிடியில்ல. விந்தில இருக்கவேண்டிய சீனிச்சத்தும் இல்ல. பிறவியிலயே விந்துக்குழாய் அமையாத ஆக்களுக்குத்தான் சோதனை இப்பிடி வரும். ஸ்கேன் ஒண்டும் எடுத்துப் பாப்பம். ஆனா எனக்குச் சந்தேகமில்ல.”

“பிறவியிலயா?” என்றான் சிவதர்ஷன்.

“ஓம். இண்டைக்கு நேற்று வந்ததில்ல. இயற்கையாப் பிள்ளை உண்டாக வழியில்ல.”

“ஒரு தரம்கூடவா, டொக்டர்?”

“ஒரு தரம்கூட இல்ல.”

அவன் கண்ணாடி யன்னலுக்கு வெளியே, வாகனங்கள் நிற்கும் பக்கம் பார்த்தான். உடனே பார்வையைப் பிடுங்கிக்கொண்டான்.

“யோசிக்காதீங்க,” என்றாள் விதுர்ஷா. அவள் கண்கள் நிறைந்திருந்தன. “நாம ஒரு பிள்ளையை எடுத்து வளப்பம். எனக்கு நீங்க காணும்.”

மாமி அவன் தோளில் கை வைத்தார். “மனே, இந்தக் கதை இந்த அறையை விட்டு வெளியில போகாது. நீ எங்கட பிள்ளை.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஒரு வார்த்தை சொன்னால் இந்த இரக்கத்திலிருந்து தப்பிவிடலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அவன் விழுங்கினான்.

“திரைக்குப் பின்னால போய்ப் படுங்க தம்பி, ஒருக்காப் பரிசோதிச்சுப் பாப்பம்,” என்று டொக்டர் எழுந்தார்.

“இண்டைக்கு வேணாம் டொக்டர். மறுகா வாறன்.” கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தவன், பெண்களுக்காகக் காத்திராமல் வெளியே வந்துவிட்டான்.

மதில் நிழலில் ஓட்டோ நின்றது. சதீசன் மகளை மடியில் வைத்து பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் மூக்கைப் பிடித்து இழுத்து, “அப்பா, அப்பா” என்று கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

சிவதர்ஷனைக் கண்டதும் சதீசன் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தான். பெண்கள் பின்னால் வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் தோளில் கை போட்டுக் கண்ணைச் சிமிட்டினான்.

“நான் தந்த சாம்பிள் பாஸ்தானே, மச்சான்?”