உ. பிரவீன்குமார்

வீடியோ காலில் இரண்டு உசேன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டு நகரத்தில் கறிக்கடை வைத்திருப்பவர். குல்லா, வெள்ளைத் தாடி, மார்பில் பிளாஸ்டிக் ஏப்ரன்.

மற்றவர் கள்ளக்குறிச்சி ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். கருணாபுரத்துக்காரர். வயது அறுபத்திரண்டு. காதோரத்தில் தவிடு, நெற்றியில் வியர்வையில் கலைந்த திருநீறு.

மூட்டை தூக்கும் உசேனின் ஒரே மகன் பிரவீன்குமார், பிராட்ஃபோர்டு ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டியில் பதினொரு நாளாகக் கிடக்கிறான்.

முதியோர் இல்லத்தில் வேலை. சேர்ந்து நான்கு மாதம்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

உடலை ஊருக்குக் கொண்டுவர உசேன் ஏறாத ஆபீஸ் படி இல்லை. கடைசியில் ஓய்ந்துபோனார். சரி, அங்கேயே புதைக்கட்டும். தூக்கிப் போய் வைக்க நாலு பேராவது வேண்டும். இப்போது அவர் கேட்பது அது ஒன்றைத்தான்.

திங்கட்கிழமைக்குள் யாரும் வராவிட்டால் அந்த ஊர் நகராட்சியே எடுத்து முடித்துவிடும் என்று மெயில் வந்திருந்தது. கூட யாரும் நிற்க மாட்டார்கள்.

மெயிலைப் படித்துச் சொன்னவள் கோகிலவாணி. கச்சிராயப்பாளையம் சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். பிரவீனின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டவளும் அவள்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது. அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டாள். உ. பிரவீன்குமார், பிரவீன்குமார் உசேன் ஆனான்.

உசேன் முஸ்லிம் இல்லை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போக, அவருடைய அம்மா தர்காவில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி, எங்கே பெயரைச் சொன்னாலும், நீங்க பாயா என்று ஒரு கேள்வி வரும். இல்லீங்க, வேண்டுதல் பேரு என்று அவர் சொல்வார். அறுபது வருடமாகச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது.

பிரவீனுக்கோ அந்தப் பெயர் பெரிய வேடிக்கை. பிராட்ஃபோர்டு போன முதல் வாரமே கடை போர்டுகளை போட்டோ பிடித்து அனுப்பினான். உசேன் டெய்லர்ஸ். உசேன் டாக்சி. உசேன் பேக்கரி.

"யப்பா, ஒனக்கு இங்க நாப்பது கட இருக்குது. இன்னாத்துக்கு அங்க மூட்ட தூக்கிக்கினு கீற?"

அந்த போட்டோக்களைப் பார்த்துத்தான் கோகிலவாணிக்கு யோசனை வந்தது. குடும்பப் பெயர்களைப் பற்றிச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். அரபுப் பெயர். அழகன், நல்லவன் என்று பொருள். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் தேடினாலும் கிடைக்காது. பிறகு கம்பளி மில் வேலைக்கு ஆட்கள் கப்பலேறி வந்தார்கள், குடும்பங்கள் பின்னாலேயே வந்தன. இன்று பிராட்ஃபோர்டிலும் பர்மிங்காமிலும் தடுக்கி விழுந்தால் ஒரு உசேன்.

பூர்வீகம் என்று பாகிஸ்தான், காஷ்மீர், வங்கதேசம் எல்லாம் போட்டிருந்தது. கருணாபுரத்தைப் போடவில்லை.

கண்ணில் பட்ட உசேன் கடைகளுக்கெல்லாம் விவரத்தை எழுதி, பிரவீனின் பாஸ்போர்ட் பக்கத்தைச் சேர்த்து அனுப்பினாள். முப்பத்தாறு கடை. ஆறு நாள் யாரும் மூச்சு விடவில்லை. இன்றைக்குத்தான் கறிக்கடைக்காரர் கூப்பிட்டார்.

இந்தியும் இங்கிலீஷும் கலந்து அவர் பேசியதைக் கோகிலவாணி தமிழில் சொன்னாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எடுத்துவிடலாம். இருநூறு பேர் நிற்போம். குழி, வண்டி எல்லாம் எங்கள் கமிட்டி பொறுப்பு. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பையன் நம்மவர்தானே?

கோகிலவாணி மைக்கை அணைத்தாள். ஆறு நாளாக மெயில் எழுதி அவளுக்கும் அலுத்திருந்தது.

"ஆமான்னு சொல்லிடுங்க பெரிப்பா. அவரு இன்னா, பள்ளிவாசல் ரசீதா கேக்கப் போறாரு?"

ஒரே வார்த்தை. இருநூறு பேர்.

உசேன் தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். கள்ளச்சாராயச் சாவு விழுந்த அந்த ஜூன் மாதத்தில், தெருவில் தூக்க ஆளில்லாமல், ஒரே நாளில் ஐந்து பாடைக்குக் கொடுத்த தோள். மகனுக்கு அது எட்டாத தூரத்தில் இருந்தது.

மைக்கைப் போடச் சொன்னார்.

"வேண்டுதல் பேருன்னு சொல்லும்மா. நாங்க மாரியாத்தாள கும்புடறவங்க. எங்கள்லயும் பொதைக்கிறதுதான். மனசு இருந்தா நாலு பேரு வரட்டும். பொய் சொல்லி அவன அனுப்ப வாணாம்."

கோகிலவாணி சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

கறிக்கடைக்காரர் திரையை விட்டு நகர்ந்தார். வெறும் சுவர் தெரிந்தது. அதில் ஒரு காலண்டர். உள்ளே யாரோ இரண்டு பேர் பேசும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

உசேன் எழுந்து துண்டை உதறினார். மில்லுக்கு மத்தியான லோடு வந்திருக்கும். கோகிலவாணி இணைப்பைத் துண்டிக்க மவுஸை நகர்த்தினாள்.

அந்த முகம் திரும்பி வந்தது. ஏப்ரனைக் கழற்றியிருந்தார். கையில் பேனாவும் கறி மடிக்கிற வெள்ளைக் காகிதமும் இருந்தன. நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

கோகிலவாணி மவுஸை விட்டுவிட்டு உசேன் பக்கம் திரும்பினாள்.

"உங்கள்ல தலைய எந்தப் பக்கம் வைப்பீங்கன்னு கேக்கறாரு."

உசேன் நாற்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"தெக்க" என்றார்.