ஞாயிற்றுக்கிழமைப் பல்

மாமியாருக்குப் பல்செட் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அது டம்ளர் தண்ணீரில் கிடக்கும். அவர் பொக்கை வாயோடு வளைய வருவார், பொக்கை வாயோடு மருமகளிடம் ஊர்க்கதை பேசுவார்.

ஞாயிறு காலை வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அன்றைக்குப் பார்க்க வேண்டுமே அம்மாளை! பல்செட்டில் பசையைப் பிதுக்கி, ஈறோடு அழுத்திப் பிடித்து, தலை வாரி, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்துவிடுவார். அப்புறம் போனில் அப்படி ஒரு சிரிப்பு.

மருமகளுக்கு வயிறு எரியும். சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவள் அவள். இந்த வீட்டில் தன்னையும் ஒருநாள் மகளாக நினைக்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தாள். கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்கிறவளுக்குப் பொக்கை வாய், எங்கேயோ இருக்கிறவளுக்கு முத்துப்பல்லா?

அந்த வாரம் பொறுக்க மாட்டாமல் பசை டியூபை எடுத்துத் துணி அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

ஞாயிறு காலை மாமியார் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினார். கடைசியில் பசையில்லாமலே மாட்டிப் பார்த்தார். சுருங்கிப்போன ஈறில் பல்செட் எப்படி நிற்கும்? வாயைத் திறந்ததுமே கழன்று கைக்கு வந்தது.

போன் அடித்தது.

"நான் தூங்குறேன்னு சொல்லிடும்மா" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வாரம் முழுக்க இந்த ஒரு அழைப்புக்காகக் காத்திருக்கிறவர்.

மருமகள் எடுக்கவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. அவளுக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"பல் இல்லாம பேசினா என்ன அத்தை? என்கிட்ட தினமும் அப்படித்தானே பேசுறீங்க? மகளுக்குன்னா ஒண்ணு, எனக்குன்னா ஒண்ணா?"

மாமியார் ஆச்சரியமாகப் பார்த்தார். போன தடவை வந்த மகள், ஆசை ஆசையாகக் கூட்டிப் போய்க் கட்டிக்கொடுத்த பல்செட் அது. அது பொருந்தவில்லை, மாட்டினால் ஈறெல்லாம் எரிகிறது என்று தெரிந்தால் அங்கே அவளுக்குத் தூக்கமே வராது என்றார். பிறகு மருமகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"தூரத்துல இருக்கறவ கவலைப்படுவாளேன்னு ஒட்டிக்கிட்டு நடிக்கிறேன். இங்க நடிக்காம நான் நானா இருக்கறது, எனக்கு வீட்டுல ஒரு பொண்ணு இருக்காளேங்கிற தைரியத்துலதான்."