எந்தக் கடை தேறும்?

சாப்பாட்டு மேஜையில் இரண்டு பெரிய மளிகைக் கடை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் விரிந்து கிடந்தன. ஒன்றில் கணவன் கணக்காளன், மற்றதில் மனைவி. அடுத்த மாதம் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. நிதிநிலை வலுவாக இருக்கும் கடையின் கணக்குப் பிரிவு நீடிக்கும். மற்றதை இழுத்து மூடிவிடுவார்கள்.

"எங்க கடை தேறாதும்மா," என்று கொட்டாவி விட்டான் கணவன். "காசாக்கக்கூடிய சொத்தைவிட உடனே அடைக்கவேண்டிய பாக்கி அதிகம். விகிதம் ஒண்ணுக்கும் கீழ."

மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள்.

"மளிகைக் கடைக்கு அது பலம்ங்க. நீங்க விக்கறது ரொக்கத்துக்கு. சரக்கு போடறவங்களுக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பணம். அவங்க காசுலயே உங்க கடை ஓடுது. எங்களை யாரும் நம்பறதில்ல. காசை நீட்டினாத்தான் லாரியிலேர்ந்து மூட்டை இறங்கும். அதனாலதான் எங்களுக்குப் பாக்கியே இல்ல."

"சரக்கு விக்கற வேகம்?"

"உங்களுது வந்த சூட்டோட போகுது. எங்களுது குடோன்ல குறட்டை விடுது."

அவன் மறுபடி கூட்டிப் பார்த்தான். மறுக்க வழியில்லை.

"அப்போ உனக்குத்தான் வேலை போகுதா?" அவன் முகம் வாடிவிட்டது.

"மனசை விட்டுடாதீங்க," என்று அவன் தோளைத் தட்டினாள்.

"எப்படி விடாம இருக்கறது? கல்யாணம் ஆனதிலேர்ந்து ஞாயித்துக்கிழமைகூட இல்லாம ரெண்டு பேரும் ஓடறோம். வீட்டுக் கடன் முடிஞ்சாச்சு, இனி ஒரு சம்பளம் போதும், ஒருத்தர் ஓயலாம்னு நீதானே சொன்னே? அது நான்தான்னு நம்பி, புதுத் தலையணைகூட வாங்கி வச்சுட்டேனே!"

"அதை இப்படிக் கொடுங்க," என்று கையை நீட்டினாள் அவள்.