கழுவிய வீடு

வாசலில் நின்றவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

எலும்பும் தோலுமாக ஒருவன். இடுப்பில் கோணிச் சாக்கு. காலில் ஆறாத புண். பிச்சைக்காரன் என்று நினைத்து, மரவள்ளிக்கிழங்கு எடுக்க உள்ளே திரும்பினாள்.

அந்த வீட்டு நிலை தாழ்வானது. புது ஆள் எவனும் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்ததில்லை.

இவன் குனிந்து வந்தான்.

அவள் போட்ட சத்தத்தில் தோட்டத்து லய வரிசையின் பத்து வீடும் வெளியே வந்துவிட்டது.

"இம்புட்டு நாளா எங்கய்யா போன?"

நெஞ்சில் குத்தப் போனவள், குத்தினால் உடைந்துவிடுவான் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

வந்துவிட்டான். முனியாண்டி சாமி, இது போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சயாமில் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களில் ஆள் பிடித்த நேரம். அன்றைக்கு நல்ல மழை. ஜப்பான்காரர்கள் பூட்ஸோடு ஏறி வந்து அவனை இழுத்துப் போனார்கள். தரையெல்லாம் செம்மண் சேறு. லாரி கிளம்பியதுதான் தாமதம், ஆத்திரம் தாங்காமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவித் தள்ளினாள். அந்தப் பாவிகள் மிதித்த மண் ஒரு நிமிஷம்கூட உள்ளே இருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு வீராயி ஓடி வந்து வாளியைப் பிடுங்கினாள்.

"அடிப்பாவி! ஆள் கெளம்புன கையோட வீட்டக் கழுவுறியே! பொணம் எடுத்த வீட்டையில்லடி கழுவுவாங்க!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தண்ணீர் அதற்குள் கால்வாய்க்குப் போய்விட்டது.

வீராயி தன் வீட்டைக் கழுவவே இல்லை. அதே லாரியில் போன அவள் மகன் சன்னாசியின் காலடித் தடம் ஒன்று, சேறு காய்ந்து, வாசற்படிக்கு உள்ளே ஒட்டிக் கிடந்தது. அவன் வரட்டும் என்று அதை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினாள். இரண்டு வருஷமும் அப்படித்தான்.

எதற்காக இந்த யுத்தம் என்று, வீட்டைக் கழுவியவள் ஒரு நாள் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணியிடம் கேட்டாள்.

"எல்லாம் நீ சீவுற ரப்பர் பாலுக்குத்தான். வெள்ளைக்காரன் வச்சிருந்தான், இவன் பிடுங்கிட்டான்" என்று சிரித்தார் கிராணி.

மறுநாள் மரத்தில் கத்தி வைக்கவே கை கூசியது. ஆனாலும் வெள்ளைக்காரனையோ ஜப்பான்காரனையோ அவள் நெஞ்சு குற்றம் சொல்லவில்லை. தன் புருஷனை வழியனுப்பியது தன் வாளித் தண்ணீர்தான் என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. வீராயியின் முகத்தை நேராகப் பார்க்கவும் முடியவில்லை.

இப்போது இதோ, சுவரில் சாய்ந்து கஞ்சி குடிக்கிறான்.

பட்டினி கிடந்த வயிறு என்று அவள் கரண்டி கரண்டியாகத்தான் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கச் சிரிப்பு வந்தது. கழுவினால் வரமாட்டானாமே! இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. காற்று இவ்வளவு லேசாக இருக்குமா என்று இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது.

வீராயி.

அவனைப் பார்த்தாள். பிறகு, அவனோடு இன்னும் யாராவது வந்திருக்கிறார்களா என்று வீட்டுக்குள் பார்த்தாள்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சன்னாசிக்கு நாந்தான்க்கா மண்ணு போட்டேன். அநாதையா விடல."

வீராயி தலையை ஆட்டினாள். குனிந்து அவன் தலையை ஒரு முறை தடவினாள்.

"கஞ்சி ஆறுது. குடிய்யா" என்றாள்.

போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு துடைப்பம் தேய்க்கும் சத்தம். ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப.

அவள் கரண்டியை அவன் கையில் கொடுத்தாள். தன் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.